பீங்கான் செட்டிலிருந்து தொடங்குங்கள்: பண்பாட்டு விமர்சனம் எழுதப் பழகுபவர்களுக்கு

எம்.ஏ. இரண்டாம் வருடம். சென்னையில் ஒரு கல்லூரியில் செமினார். பதினைந்து நிமிடத்துக்குள் முடிக்க வேண்டுமே என்று பன்னிரண்டு பக்கக் கட்டுரையை மூச்சுவிடாமல் படித்து முடித்தேன். முதல் ஏழு பக்கமும் தியரி, அதாவது சமூகத்தையும் இலக்கியத்தையும் பற்றிப் பெரிய சிந்தனையாளர்கள் சொன்ன கோட்பாடுகள். ஃபூக்கோ வந்தார், அல்துசர் வந்தார், பெயரைச் சரியாக உச்சரிக்கத் தெரியாத இன்னும் இரண்டு பேர் வந்தார்கள். எட்டாம் பக்கத்தில்தான் படத்தின் பெயரே வந்தது. அமர்வுக்குத் தலைமை வகித்த பேராசிரியை கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே கேட்டார்: "படத்துல மழை எத்தனை தடவை வருதும்மா?"

எனக்குத் தெரியவில்லை. அந்தப் படத்தை இரண்டு வருடத்துக்கு முன்னால் டிவியில், விளம்பரங்களுக்கு நடுவே பார்த்ததோடு சரி. கட்டுரை எழுதியது நெட்டில் கிடைத்த கதைச்சுருக்கத்தை வைத்து. அவர் அதற்கு மேல் எதுவும் கேட்கவில்லை. "உட்காருங்க" என்றார். அந்த "ங்க"வில் இருந்த மரியாதைதான் இன்றுவரை உறுத்துகிறது.

ஆங்கில இலக்கியம் படிக்க வந்து, கல்ச்சுரல் ஸ்டடீஸ் (பண்பாட்டு ஆய்வு) என்று ஒரு பேப்பரைப் பார்த்து மிரண்டு, "நாவலையும் சினிமாவையும் சேர்த்து ஏதாவது எழுதிட்டு வா" என்று கைடு சொல்லி அனுப்பியவர்களுக்கு இது. என்னைப் போலத் தமிழ் மீடியத்திலிருந்து வந்தவர்கள் மனதில் இருக்கிறார்கள், மற்றவர்களும் படிக்கலாம்.

இது என்ன வேலை

ஒரு நாவலோ படமோ நல்லதா கெட்டதா என்று தீர்ப்புச் சொல்வது இந்த வேலை அல்ல. அதற்கு வெள்ளிக்கிழமை விமர்சகர்கள் இருக்கிறார்கள். ஒரு கதை எந்தப் பணத்தின், சட்டத்தின், குடும்ப வழக்கத்தின், அதிகாரத்தின் மேல் நின்றுகொண்டு நமக்கு இயல்பாகத் தெரிகிறது என்று பார்ப்பது இந்த வேலை. இங்கிலாந்தில் ரிச்சர்ட் ஹோகார்ட் 1957இலும் ரேமண்ட் வில்லியம்ஸ் 1958இலும் எழுதிய நூல்கள் இதற்கு வழி திறந்தன. இருவரும் சாதாரண உழைப்பாளிக் குடும்பத்திலிருந்து படித்து மேலே வந்தவர்கள். வீட்டில் பேசுகிற பேச்சுக்கும் வகுப்பில் கற்பிக்கிற இலக்கியத்துக்கும் நடுவே இருந்த இடைவெளி அவர்களை உறுத்தியது. ஹோகார்ட் 1964இல் பர்மிங்காம் பல்கலைக்கழகத்தில் இதற்கென்று ஓர் ஆய்வு மையம் தொடங்கினார். அவருக்குப் பிறகு அதை நடத்தியவர் ஜமைக்காவிலிருந்து வந்த ஸ்டூவர்ட் ஹால்.

வீட்டுப் பேச்சுக்கும் வகுப்புப் பேச்சுக்கும் உள்ள இடைவெளி நமக்குப் புதிதில்லை. இந்தியாவில் ஆங்கிலக் கல்விக்கு வாதாடிய மெக்காலே 1834இல் கப்பலை விட்டு இறங்கியது மெட்ராஸில்தான். இங்கிருந்து ஊட்டிக்குப் போய் கவர்னர் ஜெனரலைச் சந்தித்தார். அவருடைய புகழ்பெற்ற குறிப்பு 1835இல் வந்தது. ஆக்ஸ்போர்டில் ஆங்கில இலக்கியத்துக்குத் தனிப் பள்ளி அமைய 1894 ஆயிற்று. ஆங்கில இலக்கியம் ஒரு பாடமாக உருவானதே காலனி இந்தியாவில்தான் என்று கௌரி விஸ்வநாதன் 1989இல் ஒரு நூலே எழுதியிருக்கிறார். ஆக, சேப்பாக்கத்தில் உட்கார்ந்து ஆங்கில நாவல் படிக்கும்போது நீங்கள் யாருடைய வீட்டுக்கோ போன விருந்தாளி இல்லை.

படி 1: சின்னதாக எடுங்கள்

"தமிழ் சினிமாவில் பெண்", "ஆஸ்டெனும் ஆணாதிக்கமும்" போன்ற தலைப்புகளைத் தொடவே வேண்டாம். அவற்றை எழுத ஐந்து ஆயுள் வேண்டும். எழுதினாலும் எல்லோரும் சொன்னதைத்தான் சொல்வீர்கள். ஒரு காட்சி, ஒரு பொருள், திரும்பத் திரும்ப வரும் ஒரு சொல், இதில் ஒன்று போதும்.

இந்தக் கட்டுரை முழுக்க, நான் பிறகு என் கட்டுரைக்கு எடுத்துக்கொண்ட ஒரே ஜோடியை வைத்துப் பேசுகிறேன். ஆங்கில நாவலாசிரியை ஜேன் ஆஸ்டெனின் 'சென்ஸ் அண்ட் சென்சிபிலிட்டி' 1811இல் வந்தது. அதைத் தழுவி ராஜீவ் மேனன் இயக்கிய 'கண்டுகொண்டேன் கண்டுகொண்டேன்' 2000ஆம் ஆண்டு மே மாதம் வெளியானது. படத்தை நீங்கள் எப்படியும் பார்த்திருப்பீர்கள். நாவல் ஐம்பது அத்தியாயம், ஒரு வாரத்தில் முடித்துவிடலாம்.

படி 2: முதலில் வர்ணனை, தீர்ப்பு பிறகு

ஒரு நோட்டில் நெடுக்காகக் கோடு போட்டுப் பக்கத்தை மூன்று பத்தியாகப் பிரியுங்கள். முதல் பத்தியில் நேரம் அல்லது அத்தியாய எண். இரண்டாவதில் கண்ணுக்குத் தெரிவதும் காதில் விழுவதும். மூன்றாவதில் அது உங்களுக்கு எதை ஞாபகப்படுத்தியது என்பது. "ஒடுக்குமுறை" மாதிரியான சொல் இரண்டாம் பத்தியில் வரக்கூடாது. கதவு, விளக்கு, தட்டு, மழை, யார் நிற்கிறார், யார் உட்கார்ந்திருக்கிறார், இவ்வளவுதான் அங்கே வரலாம்.

நாவலின் இரண்டாம் அத்தியாயத்தை இப்படிப் படித்துப் பாருங்கள். முதல் அத்தியாயத்திலேயே அப்பா சாகும் தறுவாயில் மூத்த தாரத்து மகன் ஜானிடம், சித்தியையும் தங்கைகளையும் பார்த்துக்கொள் என்று கேட்டுக்கொள்கிறார். ஜானும் ஆளுக்கு ஆயிரமாக மூவாயிரம் பவுண்டு கொடுக்கலாம் என்று மனதுக்குள் முடிவு செய்கிறான். இரண்டாம் அத்தியாயத்தில் மனைவி ஃபேனி பேச ஆரம்பிக்கிறாள். நம் பிள்ளையின் சொத்தாயிற்றே என்கிறாள். மூவாயிரம், ஆளுக்கு ஐந்நூறு ஆகிறது. சித்திக்கு மட்டும் வருடம் நூறு பவுண்டு கொடுத்தால் என்ன என்கிறான் ஜான். ஐயோ, வருடப் பணம் வாங்குகிறவர்கள் சாகவே மாட்டார்கள் என்கிறாள் இவள். தன் அம்மா மூன்று பழைய வேலைக்காரர்களுக்கு அப்படிக் கொடுத்துப் பட்ட பாட்டை உதாரணம் காட்டுகிறாள். நூறு, அவ்வப்போது ஐம்பது ஆகிறது. அதுவும் கரைந்து, கடைசியில் வீடு பார்த்துக் கொடுப்பது, சாமான் ஏற்ற உதவுவது, சீசனுக்கு மீனும் வேட்டைக்கறியும் அனுப்பி வைப்பது என்று நிற்கிறது. போகிற போக்கில் ஃபேனி இன்னொன்றும் சொல்கிறாள்: அவர்கள் எடுத்துப் போகப் போகிற காலைச் சாப்பாட்டுப் பீங்கான் செட், இந்த வீட்டில் இருப்பதைவிட இரண்டு மடங்கு அழகாம்.

இதில் யாரும் குரலை உயர்த்தவில்லை. கெட்ட வார்த்தை இல்லை. ஒரே அத்தியாயத்துக்குள் மூவாயிரம் பவுண்டு மீனாகிவிட்டது. இரண்டாம் பத்தியில் நீங்கள் எழுத வேண்டியது அந்த எண்களை, அதே வரிசையில். மூன்றாம் பத்தியில் என்ன வரும் என்று சொல்லித் தர வேண்டியதில்லை. சொத்துப் பேச்சு நடந்த எந்த வீட்டிலும் ஒரு ஃபேனி உண்டு. பல வீடுகளில் அவளுக்கு மீசையும் உண்டு.

படத்துக்கு வந்தால் ஒரு எச்சரிக்கை. சப்டைட்டிலை நம்பி எழுதாதீர்கள். "அத்தை", "மாமா", "சித்தி" மூன்றுமே ஆங்கில வரியில் சப்பென்று ஆகிவிடும். யார் யாரை "ங்க" போட்டுப் பேசுகிறார், எந்த இடத்தில் அது "டா"வாக மாறுகிறது என்பதெல்லாம் ஆங்கிலத்தில் காணாமல் போகும். தமிழ் தெரிந்தவர் என்ற முறையில் உங்கள் கையில் இருக்கும் பெரிய முதல் அதுதான். லண்டனில் உட்கார்ந்து சப்டைட்டில் பார்த்து எழுதுபவரால் முடியாததை நீங்கள் எழுதலாம், ஆனால் காதைத் தீட்டிக்கொண்டு பார்க்க வேண்டும். மழையையும் எண்ணிக்கொள்ளுங்கள்.

படி 3: எங்கே மாறியது?

தழுவலைப் பற்றி எழுதும்போது எல்லோரும் விழும் பள்ளம், ஒற்றுமைப் பட்டியல். நாவலின் அக்கா எலினார்தான் படத்தின் சௌம்யா, தங்கை மரியான்தான் மீனாட்சி, மரியானைக் கடைசியில் மணக்கும் கர்னல் பிராண்டன்தான் பாலா, அங்கே கூப்பர் கவிதை என்றால் இங்கே பாரதி. சரி, இதைப் பள்ளிக்கூடப் பிள்ளை கூடப் போட்டுவிடும். மாறிய இடத்தில் நில்லுங்கள். மாற்ற வேண்டிய கட்டாயம் ஏன் வந்தது என்று கேளுங்கள்.

இரண்டு கதையிலும் பெண்கள் வீட்டை இழக்கிறார்கள். நாவலில் எப்படி? ஒரு கிழவர், சொத்து கடைசியில் பேரன் முறைக் குழந்தை ஒன்றுக்கு, ஜானின் மகனுக்கு, போய்ச் சேரும்படி எழுதி வைக்கிறார். அந்தப் பையன் இரண்டு மூன்று வயதில் வந்து மழலை பேசிச் சேட்டை செய்து கத்தியதில் அவருக்கு மயக்கம். வருடக்கணக்கில் பார்த்துக்கொண்ட பெண்களுக்கு ஆளுக்கு ஆயிரம் பவுண்டோடு சரி. ஆஸ்டென் இதை எழுதும்போது அவர் உதட்டோரம் ஒரு சுழிப்புத் தெரிகிறது. அந்தக் கிழவருக்குப் பெண்கள் மேல் கோபமெல்லாம் கிடையாது, அவர்கள் கணக்கிலேயே இல்லை.

படத்தில்? தாத்தா சாகுமுன் ஏதோ சொல்ல முயல்கிறார், யாருக்கும் புரியவில்லை. பிறகு பெட்டியிலிருந்து பழைய உயில் வெளியே வருகிறது. மகள் பத்மா, அதாவது சௌம்யா மீனாட்சியின் அம்மா, வீட்டுக்குத் தெரியாமல் ஓடிப்போய்க் கல்யாணம் செய்த கோபத்தில் எழுதியது. சொத்து முழுக்க மகன் சுவாமிநாதனுக்கு.

ஏன் உயில் வேண்டியிருந்தது? இந்த இடத்தில் நான் சட்டப் புத்தகத்தைத் தேடிப் போனேன். 1956ஆம் ஆண்டின் இந்து வாரிசுரிமைச் சட்டப்படி, ஒருவர் உயில் எழுதாமல் இறந்தால் அவர் சொந்தமாகச் சம்பாதித்த சொத்தில் மகனுக்கும் மகளுக்கும் சம பங்கு. பூர்வீகச் சொத்திலும் மகளுக்குப் பங்கு என்று தமிழ்நாடு 1989இல் திருத்தம் கொண்டுவந்தது. அந்த வருடம் மார்ச் 25க்கு முன்பே கல்யாணமான பெண்களுக்கு அது பொருந்தாது. மத்தியச் சட்டம் இதே வழிக்கு வந்தது 2005இல். ஆக, 2000ஆம் வருடத்துத் தமிழ்ப் படத்தில் ஒரு மகளை வெறுங்கையோடு அனுப்புவது அவ்வளவு சுலபமில்லை. வழக்கம் என்று கையை விரிக்க முடியாது. ஒரு பெட்டி, ஒரு காகிதம், ஒரு அப்பாவின் கோபம், அந்தக் கோபத்துக்குக் காரணமாக ஒரு காதல் கல்யாணம், இவ்வளவும் தேவைப்படுகிறது. இங்கிலாந்துக் கிழவரின் அசட்டையாக இருந்தது, படம் நடக்கும் காரைக்குடிப் பக்கம் வந்ததும் மகளுக்கான தண்டனையாகிறது. என் கட்டுரையின் மையம் இதுதான் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. தியரி எதுவும் இன்னும் திறக்கப்படவில்லை என்பதைக் கவனியுங்கள்.

இன்னும் சில மாற்றங்களைச் சொல்லிவிட்டுப் போகிறேன், விரும்பியவர் எடுத்துக்கொள்ளலாம். நாவலில் மரியானைக் காதலித்துக் கைவிடும் வில்லோபி கடனாளி. ஐம்பதாயிரம் பவுண்டுப் பெண்ணைக் கட்டித் தப்பிக்கிறான். படத்தின் ஸ்ரீகாந்த் ஃபைனான்ஸ் கம்பெனி நடத்தி முழுகுகிறான். தொண்ணூறுகளில் மெட்ராஸில் ஃபைனான்ஸ் கம்பெனியில் பணம் போட்டு இழந்த குடும்பங்களைக் கேட்டால் தெரியும் அந்தப் பாத்திரத்தின் வாசனை. முதலீட்டாளர்களைக் காக்கத் தமிழக அரசு 1997இல் தனிச் சட்டமே போட வேண்டியிருந்தது. சௌம்யா ஒரு சாஃப்ட்வேர் கம்பெனியில் டெலிபோன் ஆபரேட்டராகச் சேர்ந்து புரோகிராமர் ஆகிறாள். எலினாருக்கு அப்படி ஒரு கதவே கிடையாது. வேலைக்குப் போவது அவளைப் போன்ற பெண்ணுக்கு நினைத்தும் பார்க்க முடியாதது. படம் வந்தது மே மாதம். தரமணியில் டைடல் பார்க் திறக்கப்பட்டது அதே வருடம் ஜூலையில். நகரத்தின் கனவு கட்டடமாக எழும்பிக்கொண்டிருந்த நேரத்தில் திரையில் ஒரு பெண் அதற்குள் நுழைந்துவிட்டாள்.

படி 4: நூலகத்துக்குப் போங்கள், நெட்டில் நிற்காதீர்கள்

எழும்பூர் கன்னிமாரா 1896இலிருந்து இருக்கிறது. இந்தியாவில் அச்சாகும் நூல்கள் வந்து சேர வேண்டிய நான்கு நூலகங்களில் ஒன்று. கோட்டூர்புரம் அண்ணா நூற்றாண்டு நூலகம் உட்கார்ந்து எழுத வசதி. பழைய சினிமாவைத் தொடுவதாக இருந்தால் தரமணி ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம் இல்லாமல் நடக்காது. பாட்டுப் புத்தகம், நாடக நோட்டீஸ், பழைய பத்திரிகை எல்லாம் அங்கே. கோட்டையூர் ரோஜா முத்தையா செட்டியார் வாழ்நாள் முழுக்கச் சேர்த்த சேகரிப்பு அது. செட்டிநாட்டிலிருந்து சென்னைக்கு வந்து 1994இல் நூலகமானது. நம் படத்துக் குடும்பமும் அதே வழியாகத்தான் வந்தது என்று எனக்கு ஒரு சந்தோஷம். போகுமுன் போன் செய்து நேரம் கேளுங்கள், அடையாள அட்டையும் பென்சிலும் எடுத்துப் போங்கள். "சினிமா சம்பந்தமா ஏதாவது இருக்கா" என்று கேட்டால் அவர்களால் உதவ முடியாது. "1952, பாட்டுப் புத்தகம், இந்தப் படம்" என்று கேட்டால் முடியும்.

கையில் காசு குறைவென்றால் திருவல்லிக்கேணி பாரதி சாலைப் பழைய புத்தகக் கடைகள். யாரோ கைவிட்ட எம்.ஏ. புத்தகங்கள், ஓரத்தில் அவர்கள் எழுதிய குறிப்புகளோடு கிடைக்கும். அந்தக் குறிப்புகளை மட்டும் நம்ப வேண்டாம்.

தமிழ் சினிமாவைப் பற்றி நமக்கு முன்னால் ஆங்கிலத்தில் எழுதியவர்களையும் படித்தாக வேண்டும். தியடோர் பாஸ்கரனின் 1981 நூல், நாடகமும் சினிமாவும் தேசிய அரசியலும் எப்படிப் பின்னிக்கொண்டன என்று காட்டுவது. எம்.எஸ்.எஸ். பாண்டியனின் 1992 நூல் எம்.ஜி.ஆர். பிம்பத்தைப் பற்றியது; ஏழைகளுக்கு நன்மை குறைவாகவே செய்த ஆட்சியை ஏழைகளே ஏன் கொண்டாடினார்கள் என்று கேட்பது. பிரிட்டிஷ் தியரிப் புத்தகங்களை மேற்கோள் காட்டிவிட்டு இவர்களைப் படிக்காமல் விடுவது, ஜார்ஜ் கோட்டையைச் சுற்றிப் பார்த்துவிட்டுப் பாரிமுனையைப் பார்க்காமல் திரும்புவது மாதிரி.

படி 5: இப்போது தியரி, ஒன்றிரண்டு போதும்

தியரியை ரப்பர் ஸ்டாம்ப்பாகப் பயன்படுத்தாதீர்கள். எந்தக் காட்சியின் மேலும் "ஆணாதிக்கம்" என்று குத்தலாம். குத்தியபின் அந்தக் காட்சியில் புதிதாக எதுவும் தெரியாது. தெரியாத ஒன்றைத் தெரிய வைத்தால்தான் அந்தத் தியரி உங்களுக்கு வேண்டும்.

எனக்குக் கைகொடுத்தது இரண்டு. முதலாவது இலக்கிய விமர்சகர் எட்வர்ட் சயீத். ஆஸ்டென் நாவல்களில் போகிற போக்கில் வரும் காலனி நாடுகளை நிறுத்திப் படிக்க வேண்டும் என்று 1993இல் காட்டினார். அவர் எடுத்துக்கொண்டது வேறொரு ஆஸ்டென் நாவலும் ஆன்டிகுவா தீவும். நம் நாவலின் பத்தாம் அத்தியாயத்துக்கு வாருங்கள். கர்னல் பிராண்டன், ஆங்கிலேயர் அன்று 'ஈஸ்ட் இண்டீஸ்' என்று சொன்ன நம் பக்கத்து நாடுகளில் இருந்துவிட்டு வந்தவர். அவரைக் கிண்டல் செய்கிறான் வில்லோபி: அங்கே வெயில் அதிகம், கொசுத் தொல்லை என்று சொல்லியிருப்பார், மிஞ்சிப் போனால் நவாபுகள், மொகரா என்ற தங்க நாணயங்கள், பல்லக்குகள் என்று சொல்லியிருப்பார். மூன்றே சொல். பிரிட்டிஷ் வாசகர் சிரித்துவிட்டுப் பக்கத்தைத் திருப்புவார். நீங்கள் திருப்பக்கூடாது. அந்தக் கொசு நம் கொசு. ஆஸ்டெனின் சொந்த அத்தை ஃபிலடெல்ஃபியா மாப்பிள்ளை தேடி 1752இல் கப்பலேறி மெட்ராஸில் வந்து இறங்கி, அடுத்த வருடம் கடலூரில் கிழக்கிந்தியக் கம்பெனி டாக்டர் ஒருவரைக் கல்யாணம் செய்தார். அந்தக் குடும்பத்துச் சாப்பாட்டு மேஜையில் நம் ஊர்ப் பெயர்கள் அடிபட்டிருக்கும்.

இப்போது அதே பிராண்டனைப் படம் என்ன செய்தது என்று பாருங்கள். பாலா முன்னாள் ராணுவ மேஜர், இலங்கைக்குப் போன அமைதிப்படையில் ஒரு காலை இழந்தவர். ஆங்கில நாவல் மெல்லிய நகைச்சுவையாகத் தள்ளி வைத்த வெளிநாட்டுப் போரைத் தமிழ்ப் படம் உடம்பின் மேலேயே எழுதிவிட்டது. அமைதிப்படை 1987இல் போய் 1990 மார்ச்சில் திரும்பியது. மெட்ராஸ் துறைமுகத்தில் இறங்கிய வீரர்களை வரவேற்க அன்றைய முதல்வர் கருணாநிதி போகவில்லை. பாலாவின் கசப்புக்கு இந்த நகரத்தில் ஒரு தேதி இருக்கிறது. ஆனால் அந்தப் போரில் இறந்த ஈழத் தமிழர்கள் படத்தில் எங்கே? இந்தக் கேள்வியையும் சேர்த்துக் கேட்காவிட்டால், வில்லோபியைக் குறை சொல்ல நமக்கு யோக்கியதை இல்லை. செட்டிநாட்டு வீட்டின் அழகைப் பற்றி எழுதும்போதும் இதே மாதிரிதான். அத்தனை பெரிய முற்றத்தைப் பெருக்குவது யார், அவர்களுக்கு எத்தனை வரி வசனம் என்று எண்ணிவிட்டு எழுதுங்கள்.

இரண்டாவது ஸ்டூவர்ட் ஹால் 1973இல் எழுதியது. படைப்பவர் ஓர் அர்த்தத்தை வைத்துக் கட்டுகிறார், பார்ப்பவர் மூன்று விதமாகப் பிரிக்கலாம் என்றார்: அப்படியே ஏற்பது, பாதி ஏற்றுப் பாதி பேரம் பேசுவது, எதிர்த்து நிற்பது. பரீட்சைக்கு இதை எழுதி நான் பத்து மார்க்குக்கு எட்டு வாங்கியிருக்கிறேன். புரிந்தது வீட்டில்தான்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை டிவியில் படம். உயில் காட்சி. அத்தை முறுக்கைக் கடித்துக்கொண்டே சொன்னார்: "ஓடிப்போனவளுக்கு அப்பன் எப்படிக் குடுப்பான்?" அம்மா: "ஓடினது தப்புதான் அண்ணி. ஆனா கடைசிவரைக்கும் கூட இருந்து பார்த்தவளுக்குப் பாதியாவது குடுக்கணும்ல." அத்தை மகள் போனிலிருந்து தலையைத் தூக்காமலே: "ஏன் இவங்க கேஸ் போடல?"

மூன்று விதமும் ஒரே சோபாவில் உட்கார்ந்திருந்தன. ஆனால் கொஞ்சம் நின்று பார்த்தால் ஹால் போட்ட கோடு இங்கே இடறுகிறது. படம் பெண்கள் பக்கம்தான் அழுகிறது. ஆகவே படத்தை எதிர்த்தவர் என் அத்தை. அவர் எதிர்த்தது ஊரில் ஏற்கெனவே ஓங்கியிருக்கும் நியாயத்தின் பக்கம் நின்றுகொண்டு. எதிர்த்துப் பார்ப்பதெல்லாம் முற்போக்கு என்று நான் பாடமாக நினைத்திருந்தது அந்த முறுக்கோடு நொறுங்கியது. தியரி எங்கே பொருந்தவில்லையோ அங்கேதான் உங்களுக்குச் சொல்ல ஏதோ இருக்கிறது. பொருந்தாததை மறைக்காதீர்கள், அதையே இரண்டாம் பக்கத்தில் வையுங்கள்.

படி 6: எழுதுவது

முதல் வரைவைத் தமிழில் எழுதுங்கள். யாருக்கும் காட்ட வேண்டாம். நேராக ஆங்கிலத்தில் தொடங்கினால் நமக்குத் தெரிந்த ஆங்கில வாக்கியம் எதுவோ அதுதான் வரும், நினைத்தது வராது. "இத்திரைப்படமானது பெண்ணை ஒரு பண்டமாகச் சித்தரிக்கிறது" என்று ஆங்கிலத்தில் எழுதியிருந்தேன். தமிழில் எனக்கு நானே சொல்லிப் பார்த்தபோது வந்தது: "உயிலைப் படிக்கும்போது வீட்டைப் பற்றித்தான் எல்லோரும் பேசுகிறார்கள்; அதில் குடியிருந்தவர்களை யாரும் ஏறிட்டுப் பார்க்கவில்லை." இரண்டாவதை ஆங்கிலத்தில் எழுதுவது கடினமில்லை. முதலாவதை எழுதியது நானே இல்லை.

தமிழ் வசனத்தை மேற்கோள் காட்டும்போது ரோமன் எழுத்தில் மூலத்தையும் கீழே உங்கள் மொழிபெயர்ப்பையும் கொடுங்கள். எழுத்துப்பெயர்ப்புக்கு மெட்ராஸ் பல்கலைக்கழகத் தமிழ் லெக்சிகன் முறை இருக்கிறது. எதை எடுத்தாலும் கடைசிவரை ஒரே முறை. "மானம்", "சீர்", "முறைமை" போன்ற சொற்களுக்கு ஆங்கிலத்தில் ஒற்றைச் சொல் தேடி நேரத்தை வீணாக்க வேண்டாம். அப்படியே வைத்து ஒரு வரியில் விளக்கிவிடுங்கள்.

சொந்தக் குடும்பத்தைக் கட்டுரையில் கொண்டுவரலாமா என்று கேட்பார்கள். ஒரு பத்தி வரலாம். அத்தையின் பெயர் வேண்டாம், முறுக்கு வேண்டுமானால் இருக்கட்டும். நான் எங்கிருந்து பார்க்கிறேன் என்று வாசகருக்குத் தெரிவது நல்லது. அதற்கு மேல் போனால் அது நாட்குறிப்பு.

கட்டுரைத் திருட்டைப் பற்றி நீட்டி முழக்கவில்லை. ஜெராக்ஸ் கடையில் போன வருட ப்ராஜெக்ட் கிடைக்கும். அதை எழுதியவரும் படத்தைப் பார்த்திருக்க மாட்டார்.

படி 7: அனுப்புமுன் ஒருவருக்குப் படித்துக் காட்டுங்கள்

கைடுக்குக் கொடுக்குமுன், ஆங்கிலம் படிக்காத ஒருவரிடம் கதையையும் உங்கள் வாதத்தையும் தமிழில் சொல்லிப் பாருங்கள். பத்து நிமிடத்தில் சொல்ல முடியவில்லை என்றால் உங்களிடம் இன்னும் வாதம் இல்லை, குறிப்புகள்தான் இருக்கின்றன.

நான் அம்மாவிடம் சொன்னேன். அடுப்படியில் நின்றபடி கேட்டார். மூவாயிரம் பவுண்டு மீனான கதைக்குச் சிரித்தார். உயில், சட்டம், 1989 எல்லாவற்றுக்கும் "ம்" கொட்டினார். முடித்ததும் நான் எதிர்பாராத ஒன்றைக் கேட்டார்: "அந்தப் பீங்கான் செட்டை எடுத்துட்டுப் போனாங்களா, இல்ல அவ பிடுங்கிக்கிட்டாளா?"

எனக்கு ஞாபகமில்லை. மழைக் கேள்வி மறுபடியும் வந்துவிட்டது என்று புத்தகத்தைப் புரட்டினேன். ஐந்தாம் அத்தியாயத்தில் இருந்தது. துணிமணி, வெள்ளிப் பாத்திரம், பீங்கான், புத்தகங்கள், மரியானின் பியானோ எல்லாம் படகில் ஏற்றி அனுப்பப்படுகின்றன. மூட்டைகள் போவதை ஃபேனி பெருமூச்சோடு பார்த்துக்கொண்டு நிற்கிறாள்.

"எடுத்துட்டுப் போயிட்டாங்க" என்றேன்.

"அது எப்பவும் அப்படித்தானே. நிலம் ஆம்பளைக்கு, பாத்திரம் பொம்பளைக்கு. எங்க அப்பாவும் எனக்கு அண்டாதான குடுத்தார்" என்று சொல்லிவிட்டு அம்மா ரசத்தை இறக்கி வைத்தார். அந்த அண்டா இன்னும் எங்கள் வீட்டு லாஃப்டில் இருக்கிறது, மூடிமேல் தாத்தாவின் இனிஷியல் வெட்டியிருக்கும். கட்டுரையின் மூன்றாம் பக்கத்திலிருந்து திரும்ப எழுத வேண்டியதாயிற்று.